கிணற்றடியும் முதியோர் நீராடலும்: பனிச்சங்கேணிப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்திலே, களப்பும் கடலும் அண்மித்து நிற்கும் மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ள ஊர் பனிச்சங்கேணி. பனிச்சை ஒரு மரம். துவர்ப்பு மிகுந்த அதன் காய்ச்சாற்றிலே பருத்திநூல் வலைகளைத் தோய்த்து உரமேற்றும் வழக்கம் மீனவரிடையே ஒருகாலத்தில் இருந்தது. நைலோன் வலையின் வருகையோடு அவ்வழக்கம் அருகிவிட்டது. கேணி என்பது நீர்நிலை. காயங்கேணி, மாங்கேணி, மதுரங்கேணி என இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றில் இச்சொல்லே ஈறாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. கடல் ஒருபுறமும் உவர்க்களப்பு மறுபுறமுமாகச் சூழ்ந்த நிலத்தில் நன்னீர் கிடைக்கும் இடம் எதுவோ அதுவே குடியிருப்புக்குரிய இடமாயிற்று. மணலைக் கையாலும் மண்வெட்டியாலும் அகழ்ந்து சில அடி ஆழத்தில் நீர் காணும் சிறு கிணறுகளை மட்டக்களப்புத் தமிழர் பூவல் என வழங்குவர்.

இத்தகைய நிலத்தில் வாழும் முதியோர் ஒருவர் உடலும் மனமும் ஆறும்படி நீராடுதற்கு வீட்டிலே எத்தகைய வசதி அமைதல் வேண்டும் என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள். நகரங்களிலும் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் எழும் வீடுகளிலும் இக்காலத்தில் ‘ஸ்பா’ முறைக் குளியலறை பற்றிய பேச்சு மிகுதியாகக் கேட்கின்றது. பெல்ஜியம் நாட்டிலே கனிமநீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஸ்பா என்னும் சிற்றூரின் பெயரே பின்னர் பொதுப்பெயராயிற்று. 2009இல் போர் முடிந்தபின், பனிச்சங்கேணிக்குத் தெற்கே பாசிக்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. எண்ணெய்ப் பூச்சு, மூலிகை நீர், வெந்நீராவி, அவசரமின்மை, பிறர் கையின் பரிவு ஆகியன இத்தகைய விடுதிகளின் விலைப்பட்டியலில் இடம்பெறுவன. இவற்றுள் ஒன்றேனும் இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. இவை யாவும் கிணற்றடியில் விலையின்றி இருந்தவை. அவை எவ்வாறு இல்லாமற்போயின, மீட்டும் பெறுவதாயின் எவற்றைப் பேணி எவற்றை மாற்றுதல் வேண்டும் என்பதை நோக்குவோம்.

முதலில் வழக்குச் சொற்களைக் கவனித்தல் தகும். தமிழிலே குளித்தல் ஒன்றாக இருப்பினும் ஈழத்துப் பேச்சுவழக்கில் அதற்குப் படிநிலைகள் உள. தலைக்கு நீர் வார்த்துக் குளித்தல் முழுகுதல் எனவும் தோய்தல் எனவும் கூறப்படும். தலை நனையாது உடலை மட்டும் தூய்மை செய்தல் மேல்கழுவுதல். தலையிலும் உடலிலும் நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, சீயாக்காய் கொண்டு அதனை நீக்கித் தோய்தல் வாரத்தில் ஓரிரு நாட்களுக்கு உரியது. ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என நாள் வகுத்திருந்தனர். இப்பாகுபாட்டை வெறும் சம்பிரதாயம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. முதுமையில் தோலின் நெய்ப்பசை குறைகின்றது. நாள்தோறும் சவர்க்காரமிட்டு முழுகினால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும். அன்றாடம் மேல்கழுவுதலும் வாரத்துக்கொருமுறை எண்ணெய் வைத்துத் தோய்தலும் என்ற பழைய ஒழுங்கு, இன்றைய தோல் மருத்துவர் முதியோர்க்குக் கூறும் அறிவுரைக்குப் பெரிதும் அண்மையானது.

நீர் வார்ப்பவர் யார் என்பது இதனினும் முக்கியமான வினா. பிறந்த குழந்தையை மூத்த பெண் ஒருத்தி காலில் கிடத்தி நீராட்டுகின்றாள். பூப்பெய்திய பெண்ணுக்கு மாமியும் உறவுப் பெண்களும் தண்ணீர் வார்க்கின்றனர். மகப்பேற்றின்பின் தாய்க்கு, இலைகள் அவித்த வெந்நீரைப் பிறர் வார்க்கின்றனர். அம்மை நோய் தணிந்தவர்க்கும் அவ்வாறே. சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீரை வீட்டின் மூத்தவரே இளையோர் தலையில் வைக்கின்றார். இறந்த உடலைக் குளிப்பாட்டும் கடமையும் உறவினருக்குரியது. வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் பிறர் கை நீர் வார்க்கும் இச்சமூகத்தில், முதுமையின் அன்றாட நீராடலுக்கு மாத்திரம் பெயரோ சடங்கோ உரியவரோ வகுக்கப்படவில்லை. கூட்டாக வாழ்ந்த வளவிலே யாரேனும் ஒருவர் கைகொடுப்பார் என்ற எடுகோளின்மீதே அது தங்கியிருந்தது. அந்த யாரேனும் பெரும்பாலும் மகளாகவோ பேர்த்தியாகவோ இருந்தாள் என்பதும், அவளது உழைப்பு உழைப்பாகவே கணிக்கப்படவில்லை என்பதும் மறைக்கப்படலாகா.

அந்த எடுகோள் இன்று வலுவிழந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை வாகரைப் பகுதிக் கரையோரத்தைச் சிதைத்தது. இரண்டாண்டு கழிவதற்குள், 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூண்ட போர் இப்பகுதி மக்களை இடம்பெயரச் செய்தது. 2007இலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று. முகாம்களில் வரிசையில் நின்று வாளித் தண்ணீர் பெற்ற காலத்தில் நீராடல் ஆறுதல் என்ற நிலையிலிருந்து இறங்கி, முடிக்கவேண்டிய ஒரு வேலையாயிற்று. மீண்டபின் வறுமை வேறொரு பிரிவை உண்டாக்கியது. மட்டக்களப்பு மாவட்டத்துப் பெண்கள் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லலாயினர். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டும் பாட்டிக்கு முதுகு தேய்த்துவிட ஆளில்லை. அயல்நாட்டிலே பிறர் வீட்டு முதியோரைக் குளிப்பாட்டி ஈட்டிய பணம் தன் தாய்க்குக் குளியலறை கட்ட வருகின்றது. மகளின் கை மாத்திரம் வருவதில்லை.

நீரைப் பற்றியும் கூறுதல் வேண்டும். கரையோர மணலிலே மழைநீர் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அதன் அடியெல்லையில் உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலெழும் நிலை உண்டாகும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் கண்ட சமநிலை விதி. ஆழிப்பேரலையின்பின் உப்பேறிய கிணறுகளைப் பொறியிட்டுத் திரும்பத் திரும்ப இறைத்தனர். மிகையாக இறைத்தால் கிணறு தேறுவதற்கு மாறாக உப்பு மேலேறக்கூடும் என்பது மட்டக்களப்புக் கரையோரத்தில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தினர் மேற்கொண்ட ஆய்வுகளால் தெளிவாயிற்று. கிணறுகளை மீட்டது பருவமழையே. இதனாற் பெறப்படுவது யாதெனில், உடல் முழுவதும் அமிழ்ந்து கிடக்கும் தொட்டி இந்நிலத்துக்கு ஒவ்வாதது. அத்தகைய தொட்டியொன்று நிறைய 150 இலீற்றருக்கு மேல் நீர் வேண்டும். அமர்ந்து வார்த்துக் குளிக்க இரண்டு மூன்று வாளிகள், அதாவது 20 முதல் 30 இலீற்றர், போதும். தொட்டியின் விளிம்பைக் கடத்தல் முதியோர்க்கு ஆபத்தானது என்பதும் உண்டு. திருகோணமலைக் கன்னியாவிலே இயற்கையாகவே சூடான நீர் ஏழு கிணறுகளில் ஊறுகின்றது. அங்குகூட மக்கள் நீரை மொண்டு தலையில் வார்க்கின்றனரேயன்றி அதில் அமிழ்வதில்லை. வார்த்துக் குளித்தல் நீரின் அருமை கற்பித்த நாகரிகம்.

நீரோடு இணைந்த மற்றொரு சிக்கல் மலக்குழியின் தூரம். அனர்த்த நிவாரணப் பணிகளுக்குரிய உலகளாவிய நியமங்கள், குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும் எனவும், அதன் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும் எனவும் கூறுகின்றன. இருபது பேர்ச்சுக் காணி ஏறத்தாழ 506 சதுர மீற்றர். சதுரமாயின் ஒருபுறம் 22.5 மீற்றர், மூலைக்கு மூலை அளந்தால் 32 மீற்றர். எனவே கிணற்றை ஒரு மூலையிலும் மலகூடத்தை எதிர்மூலையிலும் வைத்தாலன்றி நியமம் நிறைவேறாது. பத்துப் பேர்ச்சில் அது இயலவே இயலாது. மலகூடமும் குளிக்கும் இடமும் ஒன்றாயுள்ள மேனாட்டுக் குளியலறையை வீட்டோடு ஒட்டிக் கட்டுவோர், அதன் கழிவு எங்கே செல்கின்றது என்பதைக் கிணற்றிலிருந்து அளந்து பார்த்தபின்னரே கட்டுதல் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைக்க விரும்பாத மூத்தோரின் தயக்கத்தை அறியாமை எனக் கொள்ளும் பொறியியலாளர் உளர். துடக்கு, சுத்தம் எனும் மொழியில் வெளிப்படினும் அத்தயக்கத்திற்கு ஆழமற்ற நீர்மட்டமுள்ள இந்நிலத்தில் ஒரு பௌதிக அடிப்படையும் உண்டு.

அடுத்து, வீடு யாருடையது என்ற வினா எழுகின்றது. மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவியின் வீட்டில் குடியேறுவதும் பரவலான வழமை. டெனிஸ் மக்கில்வ்றே தமது நெடுநாள் ஆய்வுகளிலே இதனை விரிவாக விளக்கியுள்ளார். மூத்தமகள் மணமுடித்துச் சிறிதுகாலம் சென்றதும் பெற்றோர் எஞ்சிய பிள்ளைகளோடு அதே வளவிலோ அண்டையிலோ உள்ள வேறொரு வீட்டுக்கு விலகுவர். இறுதி மகளும் வீடு பெற்றபின் அவர்கட்கு எஞ்சுவது பெரும்பாலும் வளவின் ஓரத்துச் சிறு குடிலே. புதிய குளியலறையோ பெருவீட்டின் பின்சுவரோடு ஒட்டி நிற்கின்றது. இரவிலும் மழையிலும் முதியவர் நடக்கவேண்டிய தூரம் இவ்வாறு வழமையின் விளைவாகவே நீள்கின்றது. முதியோர்க்கான குளியலறை பற்றிப் பேசும் நூல்கள் அறைக்குள்ளேயே தொடங்குகின்றன. இங்கே அது பாதையில் தொடங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி. இலங்கையில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் 12.4 சதவீதமாயினர். விழுவதற்குரிய காரணங்கள் கிணற்றடியில் நிறைய உள: மாரியில் மேடையிற் படரும் பாசி, குனிந்து நீரள்ளும்போது முன்சரியும் உடல், பத்து இலீற்றர் வாளி என்றால் பத்துக் கிலோ எடை என்பதை முழங்கால் மறவாது. இவற்றோடு எண்ணெய் சேர்கின்றது. உடலை ஆற்றும் அதே எண்ணெய்தான் உள்ளங்காலில் வழுக்குகின்றது. எனவே எண்ணெய் வைத்தல் ஈரம் படாத வேறிடத்தில், கைப்பிடியுள்ள கதிரையில் அமர்ந்து நிகழ்தல் வேண்டும். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தலைத் தவிர்த்து, குளிக்கும் இடத்துக்குச் செல்லுமுன் பாதங்களைத் துணியால் துடைத்தல் வேண்டும்.

வெப்பத்தையும் கருதல் வேண்டும். இப்பகுதிக் கிணற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் நிற்கும். மார்கழி விடியலில் அது இதமாகத் தோன்றினும் மெலிந்த உடலுக்குக் குளிரே. 37 முதல் 40 பாகை வரை முதியோர்க்கு இதமும் பாதுகாப்புமானது. யப்பானிலே குளியலின்போது முதியோர் மயங்கி இறத்தல் ஒரு பெரும் பிரச்சினை. 41 பாகைக்கு மேற்படாமலும் பத்து நிமிடத்துக்கு மேற்படாமலும் வெந்நீரில் இருக்குமாறு அந்நாட்டு நுகர்வோர் நிறுவனம் அறிவுறுத்துகின்றது. வெந்நீரால் இரத்தக் குழாய்கள் விரிய, சடுதியாக எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்வோர்க்கு இது இன்னும் கூடுதலாக நிகழும். கறுப்பு நிறத் தாங்கியொன்றை வெயிலில் உயர்த்தி வைத்தால் விறகின்றியே நண்பகலுக்குள் நீர் வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் வெயிலிற் கிடந்த குழாயில் முதலில் வரும் நீர் சுடும்; முதியோரின் தோல் சூட்டை உணரத் தாமதிக்குமாதலால், வாளியில் விட்டுக் கலந்து இன்னொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்தபின்னரே வார்த்தல் நன்று. குளிக்கும் வேளையை விடியலிலிருந்து முற்பகலுக்கு மாற்றுதல் செலவே இல்லாத சீர்திருத்தம்.

இனி அமைப்பைக் கூறுவோம். மணலிலே கைத்தடி புதையும், சக்கர நாற்காலி நகராது; ஆதலால் குடிலிலிருந்து குளிக்குமிடம்வரை ஒரு மீற்றர் அகலத்தில் கிறவல் இறுக்கிய அல்லது கொங்கிறீற்றுப் பாதை முதற் செலவாக அமையட்டும். வாயில் 90 சதமமீற்றர் அகலம் கொண்டதாகவும், படியின்றியும், கதவு வெளிப்புறம் திறப்பதாகவும் இருத்தல் வேண்டும். உள்ளே திறக்கும் கதவு, விழுந்தவரின் உடல் தடுப்பதால் திறக்கவியலாது போகும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக அமைத்தல் இதே காரணத்தால். தரைக்குப் பளபளப்பான ஓடு கூடவே கூடாது. ஈரச் சீமெந்தின்மீது தும்புத்தடியால் குறுக்காக வரியிட்டாற் போதும். மீற்றருக்கு இரண்டு சதமமீற்றர் சரிவில் நீர் வாழையடிக்கு ஓடிவிடும். தேங்காத தரையில் பாசி பிடிப்பது குறையும்.

ஆசனம் குறித்து ஒரு சொல். நம்மவர் குளித்தற்கு இட்டது தாழ்வான பலகை. அதில் அமர்தல் எளிது, எழுதல் அரிது. 43 முதல் 48 சதமமீற்றர் உயரமுள்ள திண்ணையொன்றைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் கழற்றி உலர்த்தக்கூடிய மரப்பலகையை இடலாம்; வெறுஞ் சீமெந்து காலையில் குளிரும். பிடிகம்பின் விட்டம் 32 முதல் 38 மில்லிமீற்றர்வரை இருப்பின் நடுங்கும் கையும் அதனை இறுகப் பற்றும். ஓரங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 33 மில்லிமீற்றர் என்பதால் நாகம் பூசிய குழாய்த் துண்டு ஒன்றே இதற்குப் போதும். வெளிநாட்டுப் பொருள் தேவையில்லை. அது முழு உடலின் பாரத்தையும் தாங்க வேண்டும். உள்ளீடற்ற சீமெந்துக் கல்லில் திருகாணியால் பொருத்தினால் பிடுங்கிக்கொள்ளும், தூணிலோ கொங்கிறீற்றுப் பட்டியிலோ பதித்தல் வேண்டும். கடற்காற்றுக் குழாயைத் தின்னும். ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஆட்டிப் பார்த்து வர்ணம் பூசுதல் அவசியம். துவாலை தொங்கவிடும் கம்பியைப் பிடிகம்பாக எண்ணிப் பற்றி விழுந்தோர் கதை எங்குமுண்டு. ஆதலால் பிடிக்கத்தகாத கம்பியைக் கையெட்டும் உயரத்தில் வைக்காதிருத்தலே நலம்.

இத்தனையும் செய்தபின் அவ்விடத்தை ஓர் இருண்ட பெட்டியாக்கிவிடுதல் பெருங்கேடு. கிணற்றடியின் இன்பத்திற் பாதி வானமும் காற்றும் அயலாளின் பேச்சுமாகும். குறுக்குக்கட்டோடு வெளியில் குளித்துப் பழகிய மூதாட்டிக்கு நான்கு சுவரும் ஒரு மின்குமிழும் கொண்ட அறை சிறையாகவே தோன்றும். தலைக்கு மேலான உயரத்துக்குச் சுவரெழுப்பி, அதற்கும் கூரைக்கும் இடையே ஓரடி வெளிவிட்டு, ஆசனத்துக்கு நேர்மேலே மட்டும் கூரையிட்டு, மறுபாதியைத் திறந்துவிடலாம். கிடுகுக் கூரை வெம்மையைத் தணிக்கும். சுவரோரம் நொச்சியோ துளசியோ நின்றால் நனைந்த இலையின் மணம் போத்தலில் அடைத்த வாசனைத் திரவியத்தை வேண்டாததாக்கிவிடும். சுவரின் வெளிப்புறத்தே ஒரு திண்ணை அமைந்தால் மகளோ அயலாளோ அதில் அமர்ந்து, உட்புகாமலே பேச்சுக் கொடுக்கலாம். முதியவரின் மறைவும் காக்கப்படும், விழுந்தால் கேட்கும் செவியும் இருக்கும்.

எனினும் கம்பியும் திண்ணையும் நீர் வார்க்கும் கைக்கு ஈடாகா. யப்பான் 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைப்படுத்திய நெடுங்காலப் பராமரிப்புக் காப்புறுதியின்கீழ், எடுத்துச் செல்லக்கூடிய தொட்டியோடு தாதியும் பணியாளரும் வீடுதேடிச் சென்று படுக்கையிலுள்ள முதியோரைக் குளிப்பாட்டும் சேவை இடம்பெற்றுள்ளது. கைப்பிடி பொருத்தவும் படியை நீக்கவும் இரண்டு இலட்சம் யென் வரையான வேலைக்கு அக்காப்புறுதி துணைசெய்கின்றது. குளிப்பாட்டுதல் அங்கே ஊதியம் பெறும் தொழிலாகவும் சமூகம் பகிர்ந்து ஏற்கும் செலவாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மாற்றுவலுவுடையோர் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. அவை பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் பற்றியனவாதலால் பனிச்சங்கேணி வளவுக்குள் அவை நுழைவதில்லை. வீடமைப்புத் திட்டத்தின் வரைபடத்தில் பாதையும் பிடிகம்பும் இடம்பெறுவதும், பிரதேசத்து முதியோர் சங்கம் வாயிலாக வாரமொருமுறை நீராட்டும் பணிக்கு உள்ளூர்ப் பெண்கள் ஊதியத்துடன் அமர்த்தப்படுவதும் எட்டாத கனவுகளல்ல. கூலியின்றி மகள்மீது ஏற்றப்பட்ட பணிக்குக் கூலி உண்டெனின், கடல்கடந்து சென்று அதே பணியைச் செய்யும் நிர்ப்பந்தமும் சிலருக்கேனும் குறையக்கூடும்.

வரைபடம் வரைவோர் அளவுநாடாவை விரிக்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இடத்துக்குரிய முதியவரை, உத்தேச ஆசனத்தின் உயரத்திலுள்ள கதிரையொன்றில் அவ்விடத்திலேயே அமர்த்தி, துணையின்றி எழச்சொல்ல வேண்டும். எழுகையில் அவரது எந்தக் கை முதலில் எதைத் தேடி நீளுகின்றது என்பதைக் கவனித்து, அந்தப் பக்கத்தில், அந்த உயரத்தில் பிடிகம்புக்கு அடையாளமிடல் வேண்டும்.